சோடியம் 114, பத்தொன்பது வருடப் பழைய பிரசவம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நவம்பர் மாதம் சென்னையில் காய்ச்சலோடு யார் வந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது டெங்குதான். வியாசர்பாடியிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு ஆட்டோவில் தூக்கிவரப்பட்ட அந்த 43 வயதுப் பெண்ணையும் காஷுவால்டியில் அப்படித்தான் பார்த்தார்கள். நான்கு நாள் காய்ச்சல். இரண்டு நாளாக வாந்தி. அன்று மாலையிலிருந்து கூப்பிட்டால் சரியான பதில் இல்லை. பிபி 76/50. டெங்கு ஷாக் என்று எழுதி ட்ரிப்ஸ் போட்டிருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். (அவருடைய அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரண்டு லிட்டர் சலைன் ஏறிய பிறகும் பிபி 84-ஐத் தாண்டவில்லை. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 46. இவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது, அதற்கான மாத்திரையும் எதுவும் சாப்பிடவில்லை. குளுக்கோஸ் கொடுத்ததும் கண் திறந்தார், மகளின் பெயரைச் சொன்னார், மறுபடி சோர்ந்து படுத்துவிட்டார். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால் ரத்தம் கெட்டியாகி ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், ஏற வேண்டும். இவருக்கு 30 தான். தட்டணுக்கள் 1 லட்சத்து 60 ஆயிரம். அப்புறம் வந்த ரிப்போர்ட்டில் சோடியம் 114, பொட்டாசியம் 4.1. சோடியம் 135-க்குக் கீழே போனாலே கவனிக்கிறோம். 114 என்றால் எந்த நேரமும் வலிப்பு வரலாம்.

இந்தக் கேஸில் திறவுகோலைக் கண்டுபிடித்தது டாக்டர்கள் யாரும் இல்லை. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்த சிஸ்டர்தான் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "மேடம், அக்குள்ல முடியே இல்ல. ஷேவ் பண்ண மாதிரியும் இல்ல, முளைச்சதே இல்லாத மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தேன். சிஸ்டர் சொன்னது சரி. முகம் மெழுகு போல வெளுத்திருந்தது. உதட்டைச் சுற்றி, கண்ணோரத்தில், மெல்லிய காகிதத்தைக் கசக்கிப் பிரித்ததுபோல நுண்ணிய சுருக்கங்கள். பதினைந்து வருடமாக டிபன் கடை அடுப்பருகே நின்று வேலை செய்தவர் என்று மகள் சொல்லியிருந்தாள். அந்த வெயிலும் அனலும் பட்டதற்கான தடயமே அந்தத் தோலில் இல்லை.

மகளுக்குப் பத்தொன்பது வயது. அவளிடம் கேட்டேன்: "உனக்கு அம்மா தாய்ப்பால் கொடுத்தாங்களாம்மா?"

அந்த நேரத்தில் இப்படி ஒரு கேள்வியா என்று அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "இல்ல மேடம். பாலே ஊறலயாம். பெரியம்மாதான் கொஞ்ச நாள் கொடுத்தாங்களாம், அப்புறம் பவுடர் பால். வீட்ல அதச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்க."

ஊரில் இருக்கும் பாட்டிக்கு அவளையே போன் போடச் சொன்னேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமம். ஸ்பீக்கரில் பாட்டி சொன்னார்: "புள்ள பொறந்துடுச்சு, நஞ்சு விழல டாக்டரம்மா. ரத்தம் நிக்கவே இல்ல. டெம்போவுலதான் டவுனு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். நாலு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. பொழச்சதே பெரிசு." அதற்குப் பிறகு மாதவிலக்கு வந்ததா என்று கேட்டேன். "அதோட தூரம் ஆகறதே நின்னுபோச்சு. கு.க. ஆபரேஷன் பண்ணதால நின்னுடுச்சுன்னு நெனச்சோம்."

இதற்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. நெருக்கடியில் பிபியையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனுக்கும், அதைச் சுரக்கவைக்கும் ஏ.சி.டி.எச்.சுக்கும் ரத்தம் எடுத்து, ஏ.சி.டி.எச். குழாயை ஐஸில் வைத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, ஹைட்ரோகார்டிசோன் (மருந்தாக வரும் கார்டிசோல்தான்) 100 மி.கி. ரத்தநாளம் வழியாகப் போட்டோம். அப்போது இரவு பதினொன்று. ரிப்போர்ட் வரட்டும் என்று இந்த ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. விடிகாலை மூன்று மணிக்கு பிபி 104/70.

மூளை அனுப்பும் ஓலை

ஸ்ட்ரெஸ் என்றதும் ஆபீஸ் டென்ஷனும் பரீட்சை பயமும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. உடம்பின் கணக்கில் காய்ச்சல், ரத்தப்போக்கு, பட்டினி, எலும்பு முறிவு எல்லாமே ஸ்ட்ரெஸ்தான். கிருமி நுழைந்தால் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின் என்ற பொருட்களை வெளியிடும். அந்தச் செய்தி மூளையின் அடியில் உள்ள ஹைபோதலாமஸுக்குப் போய்ச் சேரும். அங்கே, மூளையின் மூன்றாம் அறையை ஒட்டினாற்போல், ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. நெருக்கடி எந்த வடிவில் வந்தாலும் செய்தி கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது. அந்த நரம்பணுக்கள் பதிலுக்கு ஒரு பெப்டைடை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சரத்தை, வெளியிடுகின்றன. அதுதான் சி.ஆர்.எச். 41 அமினோ அமிலங்கள் கொண்டது.

சி.ஆர்.எச். உடம்பு முழுவதும் சுற்றுவதில்லை. ஹைபோதலாமஸுக்கும், அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பிக்கும் நடுவே நுண்ணிய ரத்தக்குழாய்களால் ஆன ஒரு குறுக்குச் சந்து உண்டு, போர்ட்டல் நாளங்கள் என்பார்கள். அந்தச் சந்து வழியாக இறங்கினால் முன் பிட்யூட்டரி வந்துவிடும். அங்குள்ள செல்கள் பெரிய புரதம் ஒன்றைத் தயாராக வைத்திருக்கின்றன. அதை நறுக்கினால் கிடைப்பவற்றில் ஒன்று 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ.சி.டி.எச். அதே புரதத்திலிருந்துதான் வலியைத் தணிக்கும் பீட்டா எண்டார்ஃபினும், தோலுக்கு நிறம் ஏற்றும் பெப்டைடும் பிறக்கின்றன. ஏ.சி.டி.எச். ரத்தத்தில் கலந்து, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்குப் போய், கார்டிசோலைச் சுரக்க வைக்கிறது. சி.ஆர்.எச். கிளம்பச் சில நொடிகள். ஏ.சி.டி.எச். ஏறச் சில நிமிடங்கள். கார்டிசோல் உச்சத்துக்கு வர ஏறக்குறைய அரை மணி நேரம். கார்டிசோல் போதுமான அளவு ஏறியதும் அதுவே திரும்பிப் போய் ஹைபோதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்குகிறது. நெருப்பு அணைந்த பிறகும் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருந்தால் வீடு நாசமாகிவிடும் அல்லவா, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

சி.ஆர்.எச்.சுக்குத் துணையாக இன்னொரு பெப்டைடும் அதே சந்தில் இறங்குகிறது, வாசோபிரெஸ்ஸின். ஒன்பதே அமினோ அமிலங்கள். தனியாக வந்தால் இதற்கு வலு குறைவு. சி.ஆர்.எச்.சோடு சேர்ந்து வரும்போது பிட்யூட்டரியிலிருந்து பல மடங்கு ஏ.சி.டி.எச்.சை வரவழைத்துவிடும். இதற்கு வேறொரு பாதையும் உண்டு. ஹைபோதலாமஸின் பெரிய நரம்பணுக்கள் தங்கள் நீண்ட வால்களை நேரடியாகப் பின் பிட்யூட்டரிக்குள் நீட்டி, அங்கே வாசோபிரெஸ்ஸினைச் சேமித்து வைத்து ரத்தத்தில் விடுகின்றன. இப்படி வரும் வாசோபிரெஸ்ஸினின் வேலை சிறுநீரகத்தில் தண்ணீரைப் பிடித்து வைப்பது.

இந்தக் கேஸில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டு பாதைகள்தான்.

கர்ப்ப காலத்தில் முன் பிட்யூட்டரி, பால் சுரப்புக்குத் தயாராகிப் பெருக்கிறது. சுரப்பி பெருத்தாலும் அதற்கு ரத்தம் கொண்டுவருவது அந்தப் போர்ட்டல் நாளங்கள்தான், அவற்றில் அழுத்தம் இயல்பாகவே குறைவு. பிரசவத்தில் ரத்தம் கொட்டி பிபி படுத்துவிட்டால் முதலில் காய்ந்துபோவது இந்தப் பகுதி. பின் பிட்யூட்டரிக்கு வேறு தமனியிலிருந்து ரத்தம் வருவதால் அது பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. 1937-இல் பிரிட்டிஷ் நோயியல் மருத்துவர் ஹரால்டு ஷீஹான் இதை விரிவாக விவரித்ததால் ஷீஹான் சிண்ட்ரோம் என்கிறோம். பிரசவப் பராமரிப்பு நன்றாக உள்ள நாடுகளில் இது அபூர்வமாகிவிட்டது. நம்மிடையே இன்னும் அபூர்வமாகவில்லை.

ஆக, இவருடைய மூளை பத்தொன்பது வருடமாகச் சரியாகத்தான் ஓலை அனுப்பிக்கொண்டிருந்தது. சி.ஆர்.எச். இறங்கியது. வாங்கிப் படிக்கத்தான் கீழே போதுமான செல்கள் இல்லை. பால் ஊறாததும், மாதவிலக்கு நின்றதும், அக்குளில் முடி இல்லாததும் அதே சேதத்தின் அடையாளங்கள்தான். பின் பிட்யூட்டரியின் வாசோபிரெஸ்ஸின் பாதை மட்டும் சேதமில்லாமல் இருந்தது.

சோடியம் ஏன் குறைந்தது என்பதற்கு விடை அங்கேதான். சாதாரணமாக வாசோபிரெஸ்ஸினைக் கட்டுக்குள் வைப்பதில் கார்டிசோலுக்கும் பங்கு உண்டு. கார்டிசோல் இல்லாதபோது அந்தக் கடிவாளம் இல்லை. போதாததற்கு வாந்தியும் பிபி இறக்கமும் சேர்ந்து வாசோபிரெஸ்ஸினை இன்னும் கிளப்பிவிடுகின்றன. குடிக்கும் தண்ணீரையெல்லாம் சிறுநீரகம் பிடித்து வைக்கிறது, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. அட்ரீனலே கெட்டிருந்தால் உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டெரோனும் போயிருக்கும், பொட்டாசியம் ஏறியிருக்கும், உள்ளங்கை ரேகைகளும் ஈறும் கறுத்திருக்கும். இவருக்குப் பொட்டாசியம் 4.1. ஆல்டோஸ்டெரோனுக்குப் பிட்யூட்டரியின் உத்தரவு பெரிதாகத் தேவையில்லை, சிறுநீரகத்தின் ரெனின் பார்த்துக்கொள்ளும். நிறம் ஏற்றும் பெப்டைடும் ஏ.சி.டி.எச்.சோடு சேர்ந்தே குறைந்துவிட்டதால் தோல் கறுக்கவில்லை, வெளுத்தது. கட்டில் பக்கத்திலேயே நின்று ஒரு பொட்டாசியத்தையும் ஒரு உள்ளங்கையையும் வைத்து, கோளாறு அட்ரீனலிலா அதற்கு மேலேயா என்று இவ்வளவு தூரம் சொல்லிவிட முடிகிறது. இருபது வருடம் கழித்தும் இது எனக்கு அலுக்கவில்லை.

காலை பத்து மணி, யூரின் பை

உண்மையான பயம் வந்தது மறுநாள்தான்.

காலை ரவுண்ட்ஸில் அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கட்டிலின் கீழே தொங்கிய பையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. இரவு முழுவதும் தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக வந்த சிறுநீர், இப்போது குழாய்த் தண்ணீர் போல நிறமே இல்லாமல் பையை நிரப்பிக்கொண்டிருந்தது. மணிக்கு 350 மில்லி. ஆறு மணிக்கு 119 ஆக இருந்த சோடியம் பத்து மணிக்கு 122. பதின்மூன்று மணி நேரத்தில் 8 ஏறிவிட்டது.

நடந்தது இதுதான். நாம் கொடுத்த கார்டிசோல் வாசோபிரெஸ்ஸினை அடக்கிவிட்டது, சிறுநீரகம் பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஒரேயடியாகத் திறந்துவிட்டது. சோடியம் ஏறுவது நல்லதுதானே என்று தோன்றும். நாள்கணக்கில் குறைந்து கிடந்த சோடியம் மளமளவென்று ஏறினால் மூளைத் தண்டில் நரம்புகளின் உறை உரிந்துவிடும். சில நாள் கழித்துப் பேச்சும் விழுங்குவதும் நின்று, கைகால் அசையாமல் போகும். வந்த ஆபத்திலிருந்து மீண்டவரை நம் சிகிச்சையே முடக்கிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏற விடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

டெஸ்மோபிரெஸ்ஸின் 2 மைக்ரோகிராம் போட்டோம், கூடவே 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். டெஸ்மோபிரெஸ்ஸின் என்பது வாசோபிரெஸ்ஸினில் இரண்டே இடங்களை மாற்றிச் செய்த பெப்டைடு. நேற்றிரவு இவரைப் படுக்கவைத்த அதே தூதனின் நகலை இன்று நாமே, அளவு பார்த்து, உள்ளே அனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் பை நிரம்புவது குறைந்தது. மாலை நான்கு மணிக்கு சோடியம் 121. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து லேபுக்கு ஓடிய எங்கள் பிஜி (மேற்படிப்பு டாக்டர்) அன்று மதியம் சாப்பிடவே இல்லை. அடுத்த ஐந்து நாட்களில் சோடியம் படிப்படியாக 134-க்கு வந்தது.

'நார்மல்' என்று வந்த ரிப்போர்ட்

முதல் இரவு எடுத்த ரத்தத்தில் கார்டிசோல் டெசிலிட்டருக்கு 1.9 மைக்ரோகிராம். பிபி 76 இருக்கும் ஒருவருக்கு அது 18-ஐத் தாண்டி எங்கேயோ இருக்க வேண்டும். ஏ.சி.டி.எச். 9 பிகோகிராம். லேப் தாளில் அதன் பக்கத்தில் சிவப்புக் குறி எதுவும் இல்லை, நார்மல் எல்லைக்குள்தான் வருகிறது. இங்கேதான் ஏமாந்துபோவோம். கார்டிசோல் தரைமட்டத்தில் கிடக்கும்போது பிட்யூட்டரி உயிரோடு இருந்தால் ஏ.சி.டி.எச். நூற்றுக்கணக்கில் ஏறியிருக்கும். வீடு தீப்பிடித்து எரியும்போது காவலாளி சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருந்தால் அது நார்மல் இல்லை. பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான ப்ரோலாக்டின் 1.6 மட்டுமே. எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி உட்காரும் எலும்புக் குழியில் சுரப்பிக்குப் பதில் மூளைநீர் நிரம்பியிருந்தது. ஓரத்தில் காகிதம் போல ஒரு மெல்லிய படலம் மட்டும்.

ரத்தத்தில் பிகோகிராம் கணக்கில் ஒரு பெப்டைடை அளக்க முடிவதே பெரிய காரியம். அந்த வழியைத் திறந்த ரோசலின் யாலோவுக்கும், மூளையின் பெப்டைடுகளைத் தேடி எடுத்த ரோஜர் கியமன், ஆண்ட்ரூ ஷாலி இருவருக்கும் 1977-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஏ.சி.டி.எச்.சைக் கிளப்பும் ஏதோ ஒன்று ஹைபோதலாமஸில் இருக்கிறது என்று அந்த இருவரின் தரப்பும் 1955-லேயே தனித்தனியாகக் காட்டிவிட்டன. ஆனால் கையில் சிக்கவில்லை. கடைசியில் 1981-இல் சால்க் ஆய்வுக்கூடத்தில் வைலி வேல் குழுவினர், ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஆடுகளின் ஹைபோதலாமஸ் துணுக்குகளைக் கரைத்து வடித்து, அந்த 41 அமினோ அமிலச் சரத்தைப் பிரித்தெடுத்தார்கள். நெருக்கடிக்கு இவ்வளவு சிறிய அளவில் ஒரு பொருள் போதுமாக இருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பத்தொன்பது வருடம் எப்படித் தாங்கினார் என்று மாணவர்கள் கேட்டார்கள். முன் பிட்யூட்டரியில் முக்கால்வாசிக்கு மேல் அழிந்தால்தான் பொதுவாகக் குறைபாடு வெளியே தெரியும், அழிவும் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. மிச்சமிருந்த கொஞ்சம் செல்கள் சாதாரண நாளை ஓட்டப் போதும். காய்ச்சல் வந்தால் கார்டிசோல் பல மடங்கு தேவைப்படும், அந்தக் கையிருப்புதான் இல்லை. ஆனால் சாதாரண நாட்களும் இவருக்கு லேசாக இருக்கவில்லை. சென்னையின் மே மாதத்தில் ஃபேன் போடவிடாமல் போர்த்திப் படுத்திருக்கிறார். பகலில் பாத்திரம் தேய்க்கும் இடத்திலேயே சாய்ந்து தூங்கியிருக்கிறார். புகுந்த வீட்டில் சோம்பேறி என்று பெயர். பத்தொன்பது வருடம் அந்தப் பெயரைச் சுமந்திருக்கிறார், ஒரு பட்டாணி அளவுச் சுரப்பி செத்துப்போனதற்காக. இதைக் கேட்டபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்மிட் ஆவதற்கு ஆறு வாரம் முன்னால், சோர்வு என்று இவர் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். தைராய்டு டெஸ்டில் அந்தச் சுரப்பியின் ஹார்மோனான டி4 மிகக் குறைவு, தைராய்டைச் சுரக்கச் சொல்லும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். நார்மல். தைராக்ஸின் (டி4 மாத்திரை) 100 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டி4 குறைந்தால் டி.எஸ்.எச். துள்ளி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கோளாறு தைராய்டில் இல்லை, பிட்யூட்டரியில் என்று அர்த்தம். தைராக்ஸின் உடம்பில் கார்டிசோல் செலவாகும் வேகத்தைக் கூட்டுகிறது. இருந்த கொஞ்சநஞ்சமும் அதில் கரைந்தது. மாத்திரை ஆரம்பித்த பிறகு இன்னும் முடியாமல் போனதாக மகள் சொன்னாள். "மாத்திரை சேர நாளாகும்னு நெனச்சோம் மேடம்." முதலில் கார்டிசோல், சில நாள் கழித்துத்தான் தைராக்ஸின். இந்த வரிசை மாறினால் உயிரே போகலாம். சோடியம் குறைந்தோ காரணமில்லாத சோர்வோடோ வரும் எந்தப் பெண்ணிடமும் பிரசவத்தில் ரத்தம் போனதா, பால் ஊறியதா, மாதவிலக்கு திரும்ப வந்ததா என்று மூன்று கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும். கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு அரிது என்றும் எனக்குத் தெரியும்.

தினமும் காலையில் ஹைட்ரோகார்டிசோன் 10 மி.கி., மதியம் 5 மி.கி. என்று எழுதினோம். எல்லா மருந்துக்கடையிலும் இது கிடைப்பதில்லை, கிடைக்காத நாட்களில் அதற்குப் பதிலாக எவ்வளவு பிரெட்னிசோலோன் என்பதையும் அதே தாளில் எழுதினோம். ஆறாம் நாள் தைராக்ஸின் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினோம். டிஸ்சார்ஜ் அன்று மகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு மடங்காக்க வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிதான், உடனே கிளம்பி வர வேண்டும். எந்த ஆபரேஷனுக்கும் பல்லுப் பிடுங்கவும்கூட முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு அட்டையில் தமிழில் எழுதி லாமினேட் பண்ணிக் கொடுத்தோம், அம்மாவின் பர்ஸில் ஒன்று, டிபன் கடைச் சுவரில் ஒன்று.

மார்ச்சில் அம்மாவுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது, 102. மகள் அட்டையைப் பார்த்துக் காலை மாத்திரையை 20 ஆக்கினாள், மதியம் 10. பிட்யூட்டரி செய்யாத கணக்கை அவள் போட்டாள். மூன்றாம் நாள் என்னைப் பார்க்க வந்தார்கள், பஸ்ஸில். பிபி 116/74, சோடியம் 137.